பேசாமலே ஊரைச் சொல்லும் செயற்கைக்கோள்

2018 ஜனவரியில் அமெரிக்கா ஏவிய ஸூமா என்ற ரகசியச் செயற்கைக்கோள் தொலைந்துபோனதாகச் செய்தி பரவியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கும் ஸ்காட் டில்லிக்கு இப்படிப்பட்ட கலங்களைத் துழாவுவதுதான் பொழுதுபோக்கு. ஜனவரி 20 அன்று ஸூமாவைத் தேடியவரின் ஆன்டெனாவில் வேறொன்று சிக்கியது. 2272.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி யாரோ ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள்.

யார் என்று அறிய, வந்த தகவலைப் பிரித்துப் படிக்கத் தேவையில்லை. ஹாரன் அடித்தபடி நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள்: நெருங்கும்போது கீச்சென்றும், கடந்ததும் தணிந்தும் கேட்கும். வானொலி அலைக்கும் இதே கதிதான். தாழ்வான சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் சிறு செயற்கைக்கோள் 437 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், அடிவானத்தில் எழும்போது அதிர்வெண் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் கூடியும், மறையும்போது அதே அளவு குறைந்தும் தெரியும். இடையில் அது சரியும் வேகமும், நேரமும் பாதைக்குப் பாதை மாறும். அந்த வளைகோட்டை வரைந்து, அமெரிக்க ராணுவம் வெளியிடும் சுற்றுப்பாதைப் பட்டியலோடு கணினியில் பொருத்திப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். கணினி, மலிவான ரிசீவர், பிழையில்லாத கடிகாரம் போதும். கடிகாரம் பிசகினால் எல்லாம் பிசகும்.

டில்லியின் வளைகோடு பொருந்தியது நாசாவின் 'இமேஜ்' கலத்தோடு. பூமியின் காந்த மண்டலத்தைப் படம்பிடிக்க 2000 மார்ச்சில் ஏவப்பட்டு, 2005 டிசம்பரில் வாயடைத்துப்போன கலம் அது. 2007-இல் பூமியின் நிழலுக்குள் நீண்ட நேரம் இருக்கும்போது மின்கலம் தீர்ந்து அணைந்து, வெளிச்சத்துக்கு வந்ததும் தானாக உயிர்பெறும் என்று நாசா காத்திருந்தது. அப்போது சத்தமில்லை, கோப்பை மூடிவிட்டார்கள். பிறகு எப்போதோ அது எழுந்திருக்கிறது. ஆர்வலர்கள் பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2016-லேயே அதன் குரல் பதிவாகியிருந்தது! தேடுவதை நிறுத்தியவர்களுக்கு அது கேட்க வழியில்லை. ஜனவரி 30 அன்று, தகவலில் இருந்த அடையாள எண் 166-ஐப் படித்து நாசா உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலம் மீண்டும் மௌனமானது.

ஒற்றைக் கலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கூட்டமாக வந்தால்தான் தலைவலி. 2017 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 104 செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டது. முதல் சில நாட்களில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியே ஓடும்; ராணுவத்தின் பட்டியலில் பெயர் இருக்காது, எழுத்துகள்தான். மாணவர்கள் கட்டிய கலம் எந்த எழுத்து என்று அவர்களுக்கே தெரியாது. அங்கேதான் உலகெங்கும் மொட்டைமாடிகளில் நிற்கும் ஆர்வலர் நிலையங்களுக்கு வேலை. 2014-இல் கிரேக்கத்தில் பிறந்த 'சாட்நாக்ஸ்' வலையமைப்பு இவற்றை இணைக்கிறது: ஒரு நிலையத்தின் வானிலிருந்து கலம் மறைந்தால் அடுத்த நிலையம் பிடித்துக்கொள்ளும். கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக வளைகோடுகளும் விலகும். சில நாட்களிலோ வாரங்களிலோ எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பெயர் ஏறும்.