கட்டுமரம்: சொல்லும் பொருளும்

தமிழினின்று மேலைமொழிகளுக்குச் சென்ற சொற்களுள் கட்டுமரம் என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என வழங்கும் அச்சொல், இன்று பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட கலத்தையே குறிக்கின்றது. இதுகொண்டு, அவ்விரட்டைக் கலமும் தமிழகத்தினின்றே மேலைநாடு சென்றதென்பார் உளர். சொல் சென்ற வழியும் பொருள் சென்ற வழியும் ஒன்றுதானா என்பதை ஈண்டுக் காண்போம்.

கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் அது பொருந்தும். தொழில்முறையும் அதுவே. கயிற்றாற் பிணித்த மரங்கள் கரைசேர்ந்தபின் அவிழ்க்கப்பெற்று, உலர்ந்தபின் மீண்டும் கட்டப்பெறும். ஆகலின், இது குடைந்த ஓடமன்று. சங்க நூல்கள் கூறும் புணையின் இனத்தது.

வெனிசு நகர மணிவணிகர் காசுபரோ பால்பி 1590இல் வெளியிட்ட பயணநூலில் இச்சொல் 'கத்தமெரோனி' என்னும் வடிவில் வருகின்றது. ஏழு மரங்களை இணைத்துக் கட்டியது என்பது அவர் தரும் விளக்கம். 1697இல் வெளிவந்த தாம்பியரின் நூலும், சோழமண்டலக் கரையில் ஓரிரு மரங்களாலான சிறு மிதவையையே இப்பெயராற் சுட்டுகின்றது. இருவரும் கண்டது மிதவையே, இரட்டைக் கலமன்று. ஈற்று மகரம் னகரமானது, 'மரம்' என்பதன் ஈறு பேச்சுவழக்கில் மூக்கொலியாய்த் தேய்வதனால் நேர்ந்ததாகலாம்.

இனி, இரட்டைக் கலத்தின் வரலாறு வேறு. பசிபிக் தீவினர் தொன்றுதொட்டு அதனைச் செலுத்தினர். இங்கிலாந்தினரான வில்லியம் பெட்டி 1662இல் அயர்லாந்தில் அத்தகைய கலமொன்றை அமைத்தார். அன்று அது இரட்டை அடிக்கலம் எனப்பட்டதேயன்றிக் கட்டுமரம் எனப்படவில்லை. 1876இல் அமெரிக்கரான எர்ரசாப்பு அமைத்த 'அமரில்லிசு' என்னும் இரட்டைக் கலம் நியூயார்க்குப் போட்டியில் ஏனைய படகுகளை விஞ்சியது. அதன்பின்னரே அவ்வகைக் கலத்திற்கு இப்பெயர் நிலைபெறலாயிற்று. இணைத்துக் கட்டுதல் என்னும் பொதுத்தன்மையே பெயர் மாறிச் சேர்தற்கு இடந்தந்தது எனக் கொள்ளலாம்.

எனவே, சொல் தமிழது. அச்சொல் இன்று சுட்டும் வடிவம் பிறரது. கடன்சொல் ஒன்றைக் கண்டவிடத்து, அது புகுந்த காலத்துப் பொருளையும் இன்றைய பொருளையும் தனித்தனியே நிறுவுதல் வேண்டும். அங்ஙனம் செய்யாவிடின், இல்லாத பெருமையை நாடி, அலைமேல் அவிழ்ந்தும் முறியாத எளிய புணையைக் கண்ட நெய்தல்நிலத்தாரின் உண்மைப் பெருமையை நாம் இழப்போம்.