உங்களுக்குத் தெரியுமா? சீ.ஆர். கொப்பி முதல் சீஆர்எம் வரை

◆ கண்டியிலிருந்து குருநாகல் போகும் வீதியில் கலகெதர. சுற்றுவட்டாரம் மிளகும் கராம்பும் விளையும் பக்கம். இங்கே சரக்கு வாங்கி விற்கும் ஒருவரிடம் சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தால், யார் என்ன விலை கேட்டார், எப்போது கோல் எடுக்கச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினால் சீஆர்எம், அதாவது வாடிக்கையாளர் தொடர்புகளைப் பேணும் மென்பொருள். ஆனால் ஏற்றினால் மட்டும் போதாது. கலண்டரோடும் ஈமெயிலோடும் இணைத்தால்தான் அது வேளைக்கு எழுப்பிவிடும்.

◆ இந்த மென்பொருளைத் தேடி அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் பெயர் மாறிய ஸோஹோ, தன் சீஆர்எம்மை 2005இலேயே வெளியிட்டுவிட்டது. மெயிலும் கலண்டரும் அதனிடமே உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஸோஹோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய கம்பனிதான், 2021இல் நாஸ்டாக் பங்குச்சந்தை ஏறிய ஃப்ரெஷ்வர்க்ஸ்.

◆ வந்த மெயில் எந்த வாடிக்கையாளருடையது என்று மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெயரைப் பார்த்தல்ல, முகவரியைப் பார்த்து. ஒரே ஆள் கந்தோர் முகவரியிலிருந்து ஒன்றும் ஜிமெயிலிலிருந்து ஒன்றும் அனுப்பினால், இரண்டு ஆட்களாகிவிடுவார். மென்பொருள் வாங்குமுன் முகவரிகளை ஒழுங்குபடுத்துங்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை.

◆ மெயிலில் வரும் கூட்ட அழைப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தாலே தொடக்க நேரம், முடிவு நேரம், இடம் எல்லாம் வரிவரியாகத் தெரியும். ஐகேலண்டர் எனப்படும் இந்த வடிவம் 1998இல் வரையறுக்கப்பட்டு, 2009இல் திருத்தப்பட்டது. கூகுளும் அவுட்லுக்கும் ஒன்றையொன்று புரிந்துகொள்வது இதனால்தான். அந்தக் கோப்பில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. நேரத்தை மாற்றி மறுபடி அனுப்பும்போது அந்த எண் மாறாமல் இருந்தால் பழைய பதிவே திருந்தும். மாறிவிட்டால் ஒரே கூட்டம் இரண்டு தடவை நிற்கும்.

◆ 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் மீதி அரை மணித்தியாலத்தையும் இழுத்து, பழையபடி கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. விண்டோஸில் சென்னைக்கு ஒரு வரி, ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்கு இன்னொரு வரி என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று இரண்டும் ஒரே நேரம்தான், ஆனால் நடந்துவந்த பாதை வேறு. அதனால்தான் நல்ல கலண்டர்கள் ‘ஐந்தரை’ என்ற எண்ணோடு நிற்காமல் ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயரையும் சேமிக்கின்றன. லண்டன்காரர் காலை 10.30க்கு வாராந்தக் கோல் வைத்தால், அவருடைய கோடையில் கலகெதரயில் பிற்பகல் 3 மணி, குளிர்காலத்தில் 4 மணி. இடத்தின் பெயர் சரியாகப் பதிவாகியிருந்தால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

◆ ‘முப்பது நாள் கழித்து நினைவூட்டு’ என்று போட்டால் அது போயா லீவில் போய் விழலாம். இலங்கை விடுமுறைக் கலண்டரைச் சேர்த்துவிடுங்கள்.

◆ மெயிலையும் கலண்டரையும் சீஆர்எம்மோடு இணைக்கும்போது பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம். ஓஆத் 2.0 என்ற முறை (2012) அனுமதிச் சீட்டு மட்டும் தருகிறது. வேண்டாதபோது கூகுள் கணக்கிலேயே ரத்துச் செய்யலாம். மைக்ரோசொஃப்ட் தன் மெயில் சேவையில் பாஸ்வேர்டை மட்டும் வைத்து இணைக்கும் பழைய வழியை 2022 ஒக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது. அதே ஆண்டு இலங்கையில் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இன்னொன்று: ஊழியரின் கலண்டரை முழுதாக இணைத்தால் அவருடைய பல் வைத்தியர் சந்திப்பும் முதலாளி கண்ணில் படும். ‘தனிப்பட்டது’ என்று குறிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை.

◆ ஈமெயில் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ள 2012 முதல் சர்வதேச நியமம் இடம் தருகிறது. ‘.இலங்கை’ என்ற இணைய முகவரி அதற்கும் முன்னே, 2010இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அப்படி ஒரு முகவரியை இட்டால் ‘பிழையான முகவரி’ என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் இன்னும் எத்தனையோ.