வெள்ளை ஈயும் அதன் பரிகாரமும்

தென்னை ஓலைகள் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்து, அடியிலுள்ள வாழையும் கொய்யாவும் பிசுபிசுக்கக் கண்ட தோட்டக்காரர், மரம் பட்டுப்போய்விடுமென்று அஞ்சுவது இயல்பே. அச்சத்தால் அவர் செய்யத் துணிவது பெரும்பாலும் இரண்டிலொன்று. மரத்தை வெட்டிவிடுவது, அல்லது கடுமையான விஷ மருந்தைத் தெளிப்பது. இரண்டும் அவசியமில்லை என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

கறுப்பு மரத்தின் நோயன்று. ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் சுருள்சுருளாக முட்டையிடுகின்றன. வெளிவரும் குஞ்சுகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, மேலே மெழுகுப் பூச்சைப் போர்த்திக்கொள்கின்றன. அவை கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழோலைகளில் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இதனால் வெயில் ஓலையிற் படாமல் மரம் நலிகிறது; காய்ப்புக் குறையலாம். மரம் சாவது அரிது.

மத்திய அமெரிக்காவிலிருந்து பரவிய இச்சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சித் தோப்புகளில் முதன்முதலாகக் காணப்பட்டது. நாற்றுகளோடும் ஓலைகளோடும் அது ஊர்விட்டு ஊர் சென்றது.

புதுச்சேரி நகரைச் சேர்ந்த நெல்லித்தோப்பு, பெயரிலே தோப்பைத் தாங்கியிருப்பினும், இன்று வீடுகள் நெருங்கிய பகுதியாகும். இத்தகைய இடத்தில் கொல்லைத் தென்னையின் உச்சிக்கு விஷ மருந்தைப் பீய்ச்சினால் அது கிணற்றிலும், அண்டைவீட்டு முற்றத்திலும், மாட்டுத் தொட்டியிலும் விழும். பூச்சியோ ஓலையின் அடியில் மெழுகுக்குள் பெரும்பாலும் தப்பிவிடும். அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளே மடியும். எனவே சில வாரங்களில் வெள்ளை ஈ முன்னிலும் அதிகமாகப் பெருகும்.

இந்த உண்மையை அயல்நாட்டார் கண்ணாடிக் குடில்களில் கண்டறிந்தனர். 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தக்காளி பயிரிட்ட ஒருவர், இலைகளில் வெண்மையாயிருக்கவேண்டிய குஞ்சுகளிற் சில கறுத்திருப்பதைக் கவனித்துப் பூச்சி நிபுணரிடம் காட்டினார். அவற்றினின்று வெளிவந்தவை கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிறு குளவிகள். குஞ்சினுள் முட்டையிட்டு அதனையே உணவாக்கி வளர்பவை. செஷண்ட் ஆராய்ச்சி நிலையத்தார் என்கார்சியா என்னும் அக்குளவியை வளர்த்துத் தோட்டக்காரருக்கு வழங்கினர். பின்னர் ரசாயன மருந்துகள் வந்தபோது அதனைக் கைவிட்டனர். மருந்துக்கு மசியாத பூச்சிகள் தோன்றவே, 1970-களில் மீண்டும் குளவியையே நாடினர்.

நம் நாட்டில் இவ்வினத்தைச் சேர்ந்த என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி, எவரும் தருவிக்காமலே முன்வந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து வந்து நிலைத்துவிட்டது. அது இருக்கிறதா என்றறிவது எளிது. ஓலையடியிலுள்ள காலிக் கூடுகளைப் பூதக்கண்ணாடியால் நோக்குக. வட்டமான துளையிருந்தால் குளவி வெளிவந்த கூடு. பிளவுபட்டிருந்தால் ஈ வெளிவந்தது. வட்டத் துளைகள் மிகுந்த தோட்டத்தில் மருந்தைத் தொடவேண்டாம். அவ்வோலைத் துண்டுகளைக் குளவியில்லாத மரங்களிற் கட்டிவிடலாம்.

இதர பரிகாரங்களாவன: மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களிடையே ஆறடி உயரத்தில் கட்டுக. ஈக்கள் அந்நிறத்தை நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். குளவி பெருகியபின் தாளை அகற்றிவிடுதல் நன்று, அதுவும் ஒட்டிக்கொள்ளுமாதலின். எட்டும் மரங்களில் ஓலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுக. கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்து உரியும்போது பூசணத்தையும் பெயர்த்துவிடும். தாக்குதல் மிகக் கடுமையாயின் மட்டும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

நிழல்வலைக் குடிலில் தக்காளி, கத்தரி நாற்று வளர்ப்போர் வேறோர் அபாயத்தை எண்ணவேண்டும். அங்கு வரும் சிறிய வெள்ளை ஈ தக்காளிக்கு இலைச்சுருள் நோயையும் கொண்டுவரும். ஒருமுறை தொற்றிய செடி தேறாது. உடனே பிடுங்கிப் புதைத்துவிடவேண்டும். வராமற் காப்பதே சிறந்தது. அங்குலத்துக்கு 40 கண்ணுள்ள நைலான் வலையிட்டு, வாயிலுக்கு இரட்டைக் கதவு அமைத்து, சுற்றிலும் களை இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இக்காரியத்தில் ஒருவர் தனித்து முயல்வது பயன் தராது. இவர் தோட்டத்தில் வளர்ந்த குளவியை அண்டைத் தோட்டத்து மருந்து கொன்றுவிடும். அங்கே பெருகும் ஈயோ வேலியைத் தாண்டி வந்துவிடும். ஆகவே ஒரு தெருவிலோ ஒரு கிராமத்திலோ உள்ள அங்கத்தினர்கள் கூடி, குறிப்பிட்ட காலம்வரை விஷ மருந்து அடிப்பதில்லையெனத் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். பூதக்கண்ணாடியும் நீர் பீய்ச்சும் விசைத் தெளிப்பானும் சங்கத்திற்குப் பொதுவாக ஒவ்வொன்று இருந்தால் போதும். அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தம் தோட்டத்து ஓலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து, வட்டத் துளைகளை எண்ணிப் பார்ப்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.