தேய்ந்து காக்கும் தட்டு

நுழையும்முன்

இயந்திரங்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிப் பழுதாவதில்லை. ஓசை, மணம், அதிர்வு எனச் சில அறிகுறிகளை அவை முதலில் காட்டுகின்றன. அவற்றைப் புரிந்துகொள்பவர் வீண்செலவையும் விபத்தையும் தவிர்க்கிறார். ஓட்டுநர் நாள்தோறும் பலமுறை இயக்கியும் ஒருமுறைகூடக் கண்ணால் காணாத உறுப்பு, காரின் கிளட்ச். அதனை மாற்றுதற்குரிய காலத்தை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இணைத்தலும் பிரித்தலும்

சாலைச் சந்திப்பில் கார் நிற்கும்போதும் அதன் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழன்றுகொண்டிருக்கிறது. சுழலும் எஞ்சினை நிற்கும் சக்கரங்களுடன் சட்டென இணைத்தால் கார் குலுங்கும், எஞ்சினும் நின்றுவிடும். ஆகவே, இரண்டையும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதற்கும், கியர் மாற்றும் வேளையில் பிரிப்பதற்கும் ஓர் இடையுறுப்பு தேவைப்படுகிறது. அதுவே கிளட்ச்.

எஞ்சினின் முனையில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதை அடுத்து, கியர் பெட்டிக்குள் செல்லும் தண்டின்மீது கிளட்ச் தட்டு அமைந்துள்ளது. அத்தட்டின் இருபுறமும் உராய்வுப் பட்டைகள் ரிவெட் ஆணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். வில்விசை கொண்ட அழுத்தத் தட்டு, கிளட்ச் தட்டை ஃபிளைவீலுடன் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டுநர் கிளட்ச் மிதியை அழுத்தியதும் ரிலீஸ் பேரிங் என்னும் தாங்கி முன்னே நகர்ந்து வில்லை அழுத்துகிறது. பிடி தளர்கிறது, எஞ்சினும் சக்கரங்களும் பிரிகின்றன. காலை மெல்ல எடுத்தால் பிடி மீண்டும் இறுகுகிறது.

தேய்வு எப்போது நிகழ்கிறது?

முழுமையாகப் பிடித்திருக்கும் தட்டு வழுக்குவதில்லை, எனவே தேய்வதுமில்லை. முழுமையாக விடுபட்ட தட்டும் அவ்வாறே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ‘அரைக் கிளட்ச்’ நிலையில்தான் தட்டு வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. அப்போது எழும் வெப்பமும் உராய்வும் பட்டையைத் தேய்க்கின்றன. இத்தேய்வு அமைப்பின் குறையன்று. எஞ்சினும் கியர் பெட்டியும் தாங்கவேண்டிய அதிர்ச்சியைத் தான் ஏற்றுத் தேய்ந்து, அவற்றைக் காப்பதற்காகவே அத்தட்டு படைக்கப்பட்டுள்ளது.

இதனால் கிளட்சின் ஆயுளைக் கிலோமீட்டர் கணக்கால் மட்டும் அறுதியிட இயலாது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் நெடுந்தொலைவு செல்லும் காரில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பின்னரும் கிளட்ச் நன்னிலையில் இருக்கலாம். சென்னையின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் அதே வகைக் காரில் அதன் பாதித் தொலைவிலேயே அது தேய்ந்துவிடலாம். மலைப்பாதையும் கிளட்சைச் சோதிக்கும். குறுகிய மலைச்சாலையில் இறங்கிவரும் வாகனம், ஏறிவரும் வாகனத்திற்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. ஏற்றத்தில் நின்ற வாகனம் மீண்டும் புறப்படுவது கடினம். ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளட்ச் பெருஞ்சுமையைத் தாங்குகிறது.

தேய்வின் அறிகுறிகள்

தேய்வைக் காட்டும் தலையாய அறிகுறி வழுக்கல். முடுக்கியை அழுத்தும்போது எஞ்சினின் சுழற்சி உயர்கிறது, ஓசையும் பெருகுகிறது, காரின் வேகமோ அதற்கேற்ப உயர்வதில்லை. இது முதலில் உயர் கியரிலும் ஏற்றத்திலும் மிகுந்த பாரத்திலும் வெளிப்படும். கியர் உயர உயர, காரை முன்செலுத்தக் கிளட்ச் தாங்கவேண்டிய முறுக்குவிசை மிகுவதே இதற்குக் காரணம். சமதளத்தில் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுபவர் இக்குறையை நெடுநாள் அறியாமலிருக்கக்கூடும்.

மற்றோர் அறிகுறி மிதியின் மாற்றம். கேபிளால் இயங்கும் கிளட்சில் பட்டை மெலிய மெலிய, மிதியின் தொடக்கத்தில் இருக்கும் தளர்விடைவெளி குறைகிறது. கிளட்ச் பிடிக்கும் இடமும் மேலே நகர்கிறது. திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச், தேய்வைத் தானே ஈடுசெய்துகொள்வதால் அதில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. கருகிய மணம், பட்டை மிகுதியாகச் சூடேறியதைக் காட்டும். ஏற்றத்தில் ஒருமுறை எழுந்து மறைந்த மணம் எச்சரிக்கை மட்டுமே. இயல்பான ஓட்டத்திலும் அது தொடர்ந்தால் ஆய்வு தேவை.

ஐயத்தைத் தீர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஆளில்லாத சமதளத்தில் காரை நிறுத்திக் கைபிரேக்கை இறுக்கி, கால்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சைச் சீராக விட வேண்டும். கிளட்ச் நன்னிலையில் இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் தட்டு வழுக்குகிறது என்பது பொருள். இச்சோதனையே பட்டையைச் சூடாக்குமாதலால் அனுபவமுள்ள ஓட்டுநரே இதனைச் செய்ய வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தலும் ஆகாது.

பிரித்தறிய வேண்டியவை

கிளட்ச் சார்ந்த குறைகள் அனைத்தும் தட்டின் தேய்வால் விளைவன அல்ல. மிதியை முழுமையாக அழுத்தியும் கியர் விழ மறுத்தால், தட்டு சரிவர விடுபடவில்லை என்று பொருள். தளர்ந்த கேபிளோ திரவக் கசிவோ குழாயில் புகுந்த காற்றோ அதற்குக் காரணமாகலாம். மிதியை அழுத்தும்போது எழும் இரைச்சல் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கின் பழுதைக் குறிக்கும். மிதியை அழுத்தியதும் இரைச்சல் மறைந்தால், கியர் பெட்டித் தண்டின் தாங்கியை ஐயுற வேண்டும். புறப்படும்போது கார் நடுங்குவது, பட்டையில் எண்ணெய் படிந்ததாலோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர் இருக்கைகள் தளர்ந்ததாலோ நேரலாம்.

வழுக்கலுக்கும் இவ்வாறே வேறு காரணம் இருக்கக்கூடும். கேபிள் மிகையாக இறுக்கப்பட்டிருந்தால், காலை எடுத்த பின்னரும் பேரிங் வில்லை அழுத்திக்கொண்டேயிருக்கும். அந்நிலையில் தளர்விடைவெளியைச் சரிசெய்தாலே குறை நீங்கலாம். ஆகவே, முதலில் எளிய காரணங்களை ஆராய்ந்து விலக்கிய பின்னரே தட்டை மாற்ற முடிவு செய்தல் வேண்டும்.

தெரியுமா?

1886ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொறியாளர் காரல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இன்றைய கிளட்ச் தட்டு இல்லை. தன்போக்கில் சுழலும் கப்பியிலிருந்து தண்டுடன் பிணைந்த கப்பிக்குப் பட்டையை நகர்த்தியே வண்டி இயக்கப்பட்டது.

மாற்ற வேண்டிய தருணம்

சரிசெய்த பின்னரும் வழுக்கல் நீடித்தால் காலந்தாழ்த்தல் தவறு. முன்செல்லும் லாரியைக் கடக்கும்போது எஞ்சின் முழங்கியும் கார் விரைவு கொள்ளாவிடில், எதிர்வரும் வாகனத்திலிருந்து விலகுவதற்குரிய நொடிகள் வீணாகும். ஏற்றத்தில் கார் முன்னேற இயலாது நின்றுவிட்டால் பின்வருவோருக்கும் இடர் நேரும். பட்டை முற்றிலும் தேய்ந்தபின் ரிவெட் ஆணிகளின் தலைகள் ஃபிளைவீலைக் கீறும். தட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஃபிளைவீல்வரை நீளும்.

கிளட்சை மாற்றக் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டியிருப்பதால் உழைப்பே செலவின் பெரும்பகுதியாகலாம். எனவே தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவது வழக்கம். எண்ணெய் கசிந்திருந்தால் அதன் மூலத்தையும் அடைக்க வேண்டும். இல்லையேல் புதிய பட்டையும் கெடும். பழைய பட்டைகள் சிலவற்றில் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும் கல்நார் உண்டு. ஆகையால் அங்குப் படிந்துள்ள தூசியைக் காற்றால் ஊதி அகற்றலாகாது.

ஆயுளை நீட்டிக்கும் பழக்கம்

ஓட்டும்போது மிதியின்மேல் காலைச் சாய்த்து வைத்தலும், சரிவில் அரைக் கிளட்சால் காரை நிறுத்திப் பிடித்தலும் தேய்வை விரைவுபடுத்தும். சரிவில் நிற்கக் கைபிரேக்கைப் பயன்படுத்துவதும் முதல் கியரிலேயே புறப்படுவதும் நற்பழக்கங்கள். தேய்வது கிளட்சின் இயல்பு. அது வீணே தேயாமல் காப்பதும், தேய்ந்ததை உரிய காலத்தில் உணர்ந்து மாற்றுவதும் ஓட்டுநரின் பொறுப்பு.