மழை நாளிலும் அடுப்பு எரியட்டும்

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



எந்த விதை போடலாம், எத்தனை மூட்டை உரம் வைக்கலாம் என்று எத்தனையோ பேசுகிறோம். விளைந்து வீட்டுக்கு வந்த பொருள் நம்ம அடுப்பங்கரையிலே என்ன ஆகிறது என்று இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

பூந்தமல்லிக்குப் பக்கத்துக் கரையான்சாவடி உங்களில் பலருக்குத் தெரிந்த இடம்தான். இன்றைக்கு அங்கே மெட்ரோ ரயில் பாதைத் தூண்கள் நிற்கின்றன. ஆனாலும் அங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனால் நெல்லும் கீரையும் போடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது கீரைக்கட்டோடு வந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க! மூணு நாளு கரண்டு இல்ல. கடைக்குப் போவ முடியல. பசங்க பன்னும் பிஸ்கட்டும் தின்னுக்கினு கெடந்துதுங்க. நாலாம் நாளு சின்னவன் எழுந்து நிக்கத் தெம்பில்லாம சுருண்டு படுத்துக்கினான்" என்றார்.

"ஏம்மா, வீட்டிலே அரிசி இல்லையா?"

"அரிசி கீது, பருப்பு கீது. பரண் மேல அரை மூட்டை வேர்க்கடலை கீது. காய்தான் இல்ல. மிக்சியும் ஓடல. வெச்சிக்கினு இன்னா செய்யறது?"

பார்த்தீங்களா? வீட்டிலே மணிமணியாகச் சத்து இருக்கிறது. பிள்ளை பசியிலே சுருண்டு கிடக்கிறான். அந்த அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. காய் இல்லாவிட்டால் சமையல் இல்லை, மிக்சி இல்லாவிட்டால் குழம்பு இல்லை என்று நாம் எல்லாருமே பழகிவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே பாடுதான். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றியபோதும் பல வீடுகளில் காய்க்குத் திண்டாட்டம். ஆகவே, இருப்பதை வைத்துச் சமைப்பது எப்படி என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றுக்கு ஒன்று

முதலில் ஒரு கணக்கு. அரிசியிலே இருக்கிற புரதத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் குறையைப் பருப்பு நிரப்பும். பருப்பிலே உள்ள குறையை அரிசி நிரப்பும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைகள் உடம்பில் முழுசாக ஒட்டும். வண்டிக்கு இரண்டு மாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், அதிக உடல் உழைப்பு இல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகைகள் 85 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று பங்குக்கு ஒரு பங்கு. நம்ம வீடுகளில் தட்டு நிறையச் சோறும், அதன்மேல் தண்ணியாக ஒரு கரண்டி சாம்பாரும் ஊற்றினால் இந்தக் கணக்கு வராது.

அரிசி பருப்புச் சாதம்

கணக்குச் சரியாக வருகிற சாதம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அடிக்கடி செய்வார்கள். ஐந்து பேருக்கு அரிசி 3 ஆழாக்கு, துவரம்பருப்பு 1 ஆழாக்கு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். பாத்திரத்தில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், தட்டிய மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, 10 அல்லது 11 ஆழாக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மஞ்சள்தூள், உப்பு போட்டுக் கொதி வந்ததும் அரிசியும் பருப்பும் போட்டு மூடிவிடுங்கள். திறந்த பாத்திரமானால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கும். தக்காளி இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை. அரைக்கிற வேலையே கிடையாது. விறகும் கேஸும் மிச்சம்.

பயறே காய்

காய் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் பச்சைப்பயறை இரவிலே ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து ஈரத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை விட்டிருக்கும். உலர்ந்த பயறில் பேருக்குத்தான் இருக்கிற வைட்டமின் சி, முளை விடும்போது நன்றாகக் கூடிவிடுகிறது. அதை லேசாக ஆவியில் வேக வைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கு எலுமிச்சையின் புளிப்பு உதவி செய்யும். டீயும் காப்பியும் அதைத் தடுக்கும். சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சோகை பிடித்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது முக்கியம்.

கூழும் பொடியும்

நம்ம பக்கத்துக் கேழ்வரகுக் கூழை ஆடி மாதத்தோடு விட்டுவிடாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம்கூடத் தேறுவது கஷ்டம். மாவை முதல் நாள் இரவு கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யைக் குழைய வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆற வைத்து, மோரும் உப்பும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ளக் கருவாடு சுட்டுக் கொடுத்தால் புரதமும் சேர்ந்துவிடும்.

பரண் மேலே இருக்கிற வேர்க்கடலைக்கு வருவோம். அதன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து உரலில் இடியுங்கள். உரல் இல்லாத வீட்டிலே துணியில் முடிந்து, சப்பாத்திக் கட்டையால் தட்டினாலும் போதும். சுடுசோற்றில் இந்தப் பொடியைப் போட்டு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்தால், குழம்பு தேடாமலே பிள்ளைகள் சாப்பிடும்.

கழுவிக் கொட்டாதீர்கள்

இன்னொரு சமாசாரம். நான் சொன்ன ஐதராபாத் நிறுவனம் முதலில் நம்ம குன்னூரில்தான் 1918-இல் தொடங்கியது. மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி என்ற நோயை ஆராய ஆரம்பித்த சிறிய கூடம் அது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு, தவிட்டோடு போய்விடுகிற பி வைட்டமின் கிடைக்காமல் வருகிற நோய் பெரிபெரி. புழுங்கலரிசியில் அந்தச் சத்து, வேக வைக்கும்போதே உள்ளே இறங்கி அரிசியோடு தங்கிவிடுகிறது. நம்ம முன்னோர்கள் நெல்லைப் புழுக்கியது எவ்வளவு நல்ல காரியம் பாருங்கள். ஆனால் அந்தச் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. நாலைந்து தடவை தேய்த்துக் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதுதான். ஒன்றிரண்டு தடவை அலசினால் போதும். கஞ்சியை ரசத்திலோ மோரிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

இதிலே மட்டும் சிக்கனம் வேண்டாம்

வெள்ளத் தண்ணீர் பட்ட மாவு, பருப்பு எதையும் காய வைத்துச் சாப்பிடாதீர்கள். முக்கியமாக வேர்க்கடலை. ஈரம் பட்டால் அதிலே பூஞ்சாணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற விஷம் உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுசாகப் போகாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கிற பருப்பைத் தயங்காமல் எறியுங்கள். மாட்டுக்குத்தானே என்று போடாதீர்கள். பால் வழியாகத் திரும்பப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். மழைக்காலம் வரும் முன்பே கடலையை நன்றாகக் காய வைத்து, மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகை மேலே வையுங்கள். பழைய சோற்றுக்கு ஊற்றுகிற தண்ணீரும் அந்த நாட்களில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும்.

ஐப்பசிக்கு முன் ஒரு வாரச் சேமிப்பு

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்கு, முன்னே சொன்ன கணக்குப்படி அரிசி, கேழ்வரகு சேர்த்து 9 கிலோ, பருப்பு பயறு 3 கிலோ ஆகிறது. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் இருந்தால் தானியம் 12 கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். இதிலே அரிசியும் துவரம்பருப்பும் பெரும்பகுதி ரேஷன் கடையிலேயே கிடைத்துவிடும். இவற்றோடு வேர்க்கடலை 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி, மிளகாய், பூண்டு, மூடி போட்ட ஜாடியில் அயோடின் உப்பு, நாலைந்து எலுமிச்சம்பழம், நனையாத இடத்தில் ஒரு கட்டு விறகு, ஒரு தீப்பெட்டி. இவ்வளவுதான்.

விதை நெல்லைப் பத்திரப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. எந்தக் கஷ்டத்திலும் அதிலே கை வைக்க மாட்டோம். அதே மாதிரி இந்த ஒரு வாரச் சாப்பாட்டையும் தனியாக எடுத்து வையுங்கள். மழை விட்டதும் செலவழித்துவிட்டு, அடுத்த வருஷம் புதிதாக நிரப்புங்கள். கரையான்சாவடி அம்மாவிடம் பஸ் வருவதற்குள் அரிசி பருப்புச் சாதத்தைத்தான் சொல்ல முடிந்தது. "இவ்ளோதானா! இது தெரியாமப் போச்சே" என்றார். உங்கள் பக்கத்து வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.