ஈயக்குண்டும் உரிமப் புத்தகமும்

பச்சையாறு மலையிறங்கிப் பாயும் களக்காட்டு அடிவாரத்தில், மாதக்கணக்காய்த் தண்ணீர் கட்டி, உரமிட்டு, முட்டுக்கொடுத்து வளர்த்த ஏத்தன் வாழையை ஒரே இராத்திரியில் பன்றிக்கூட்டம் கிழங்கோடு கிளறிப் போட்டுவிட்டுப் போனபின், அந்தத் தோட்டத்து வரப்பில் நிற்கின்ற குடியானவர், கையில் ஒரு துப்பாக்கி இருந்திருக்கலாகாதா என்று எண்ணுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்றுத் தகப்பனார் காலத்துத் துப்பாக்கியை இன்றும் வைத்திருப்பவரோ, தோட்டாவுக்கும் ரவைக்கும் ஆகும் செலவை நினைத்து, ஈயத்தை நாமே உருக்கி வார்த்துக்கொண்டால் என்ன என்று யோசிக்கத் தலைப்படுகிறார். அந்த யோசனைக்குத் தூபம் போடக் கைப்பேசி இருக்கிறது. அமெரிக்க தேசத்தில் யாரோ ஒருவர், தம் வீட்டுக் கொட்டகையில் வார்த்த குண்டுகளைத் தானியங்கி யந்திரத்தில் கொட்டி, அளவு திருத்தி, மெழுகேற்றி, குவியல் குவியலாய் எடுப்பதைப் பார்க்கின்றவருக்கு, அங்கே கொட்டகையில் நடப்பது இங்கே தொழுவத்தில் ஏன் நடக்கலாகாது என்று தோன்றிவிடுகிறது.

அந்த யந்திரத்தின் தொழில் இதுதான். அச்சில் வார்த்தெடுத்த ஈயக்குண்டு, குழலின் உள்விட்டத்தைவிட மயிரிழை பருத்தும் சற்றே கோணலாகவும் இருக்குமாகையால், அதனை எஃகு வளையம் ஒன்றின் வழியே அழுத்தித் தள்ளி உரிய அளவுக்குக் கொணர்வதும், ஈயம் குழலில் ஒட்டாதிருக்கும்பொருட்டு அதன் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகைச் செலுத்துவதும் அதன் வேலை. தானாக ஊட்டும் வகையில், குண்டுகள் தொட்டியிலிருந்து திரும்பி நிமிர்ந்து குழாய் வழியே ஒவ்வொன்றாய் அழுத்துதண்டின் கீழ் வந்து விழவேண்டும். ஒன்று சாய்ந்து விழுந்தாலும் தண்டு அதன் விளிம்பைச் சீவித் துகளாக்கும், அடுத்தது மாட்டிக்கொள்ளும், மாட்டியதை எடுக்க விரலை நீட்டுகிறவன், மின்சாரத்தை நிறுத்த மறந்தானாகில், விரலை இழப்பான். இத்தனைக்கும், நம் ஊர்ப் பயிர்க்காவல் துப்பாக்கி பெரும்பாலும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் வரியில்லாத குழல் உடையது. வரிக்குழல் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் உரிய இந்தச் சாதனத்தால் அதற்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆயினும் ஆசை இத்தகைய நியாயங்களைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

சட்டத்தின் சங்கதிக்கு வருவோம். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெடிபொருள் நிரப்பிய தோட்டாவோடு நின்றுவிடவில்லை. அதன் 2 ஆவது பிரிவு தரும் இலக்கணத்தின்படி, தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்வதற்குரிய யந்திரங்களுங்கூட ‘வெடிப்பொருட்சரக்கு’ என்னும் வகையிலேயே அடங்கும். ஆகவே, மருந்தே இல்லாத வெறும் ஈயத்துண்டுதானே, இரும்பால் செய்த யந்திரந்தானே என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடுவது அரிது. அவற்றைச் செய்வதற்கும் விற்பதற்கும் 5 ஆவது பிரிவின்கீழ்த் தனி உரிமம் வேண்டும். அஃதின்றிச் செய்பவருக்கு, 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறைவாசம். அது ஆயுட்காலம் வரை நீளவும் கூடும். துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருத்தலுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், வைத்திருப்பவனைக் காட்டிலும் செய்பவனையே சட்டம் பெரிதும் அஞ்சுகிறது என்பது தெளிவாகும். என் கையில்தான் உரிமப் புத்தகம் இருக்கிறதே என்று சொல்லுகின்றவர், அப்புத்தகம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவும், குறிப்பிட்ட அளவு சரக்கை உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கவும் மட்டுமே இடந்தருகிறதா, வேறெதற்கேனும் இடந்தருகிறதா என்பதை அதன் நிபந்தனைகளை வாசித்தே அறியவேண்டும். விளங்காத இடம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுவது உசிதம்.

ஆயுதம் பற்றிய அரசாங்கத்தின் சந்தேகம் நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. 1799 இலும் 1801 இலும் பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்த கும்பினியாரும், 1878 இல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதையே கட்டுப்படுத்திச் சட்டமியற்றிய லிட்டன் பிரபுவும், பிரஜைகளை நம்பாத ஆட்சியாளர்கள். குடியரசின் 1959 ஆம் ஆண்டுச் சட்டமும் கடுமையானதே என்றாலும், அதில் விண்ணப்பதாரருக்கென்று சில உரிமைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மெய்யான பயிர்க்காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவரின் விண்ணப்பத்தை 13 ஆவது பிரிவு தனியாகவே எடுத்துப் பேசுகிறது. உரிமம் மறுக்கப்பட்டால், பொதுநலனுக்கு மாறாகாத வரையில், காரணத்தின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம். குறித்த காலத்துக்குள் மேல்முறையீடும் செய்யலாம். ‘தரமாட்டோம், போ’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பிவிடுகின்ற குடியானவர்கள், தங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்காமலே திரும்புகிறார்கள்.

இனி ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டு வார்ப்பதோ காரீயம். பழைய மின்கலத் தகடு, மீன்வலைக் குண்டு, வண்டிச்சக்கரத்தின் எடைத்துண்டு ஆகியவற்றில் கிடைப்பதும் இதுவே. 327 பாகை வெப்பத்தில் உருகிவிடுவதால் விறகடுப்பே போதும் என்பதுதான் இதன் கவர்ச்சியும் ஆபத்தும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நீராவி வெடித்து உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். அந்த அபாயம் கண்ணுக்குத் தெரிவதனால் மனிதன் அதற்கு அஞ்சுகிறான். அவன் அஞ்சாதது மேலே படியும் கசடு. சாம்பல் நிறமான அந்த ஆக்சைடைக் கரண்டியால் வழித்துத் தரையில் தட்டும்போதும், யந்திரம் சீவிய துகளை விளக்குமாற்றால் பெருக்கும்போதும், தூசி எழும்பி மூச்சிலும் கையிலும் வேட்டியிலும் ஏறுகிறது. அந்தக் கையோடு சோற்றைப் பிசைகிறான். அந்த வேட்டியோடு குழந்தையைத் தூக்குகிறான்.

விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடலில் சேர்வதைப்போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடலில் சேர்கிறது என்றும், தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லையென்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. எலும்பில் போய்த் தங்கும் ஈயம் பல ஆண்டு கழித்துத் தாய் கருவுறும் காலத்தில் கரைந்து சிசுவையும் சேரும். ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியவை பெரியவர்களிடம் காணும் அறிகுறிகள். குழந்தையிடமோ அறிகுறியே இல்லாமல் புத்திக்கூர்மை மங்கும். குடற்புண் என்று மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருப்பவர் தாம் ஈயம் உருக்கியதை மருத்துவரிடம் மறைத்தால், அவர் எப்படித்தான் ஊகிப்பார்? இரத்தத்தில் ஈயத்தின் அளவைக் காணும் பரிசோதனை உண்டு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்பது அந்த ஸ்தாபனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டியவை. நாட்டுமருந்துப் பொடிகளால் இதைச் சரிசெய்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

உரிமம் பெற்ற தொழிற்சாலையிலோ மின்கலப் பட்டறையிலோ கூலிக்கு ஈயத்தோடு பழகுகின்றவர்களின் நிலை வேறு. யந்திரத்துக்குக் காப்பு மறைப்பும், புகைபோக்கியும், கைகழுவ இடமும், தனி உடுப்பும் முதலாளி தரவேண்டியவை. ஈயநஞ்சு தொழில்நோயாகவே சட்டத்தில் ஏற்கப்பட்டிருப்பதால், 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தொடங்கி 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வரையில், விரலிழந்தவனைப்போலவே ஈயத்தால் நோயுற்றவனும் நஷ்டஈடு கோரலாம். வேலைக்குச் சேர்ந்த தேதிக்கும் கூலிக்கும் ஒரு துண்டுச்சீட்டாவது அத்தாட்சியாகக் கையில் இருக்கட்டும்.

பன்றிக்கு என்ன வழி என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11 ஆவது பிரிவு, நிற்கும் பயிருக்கு அபாயமாகிவிட்ட விலங்கைப்பற்றி வனத்துறையின் உயர் அதிகாரி எழுத்து மூலம் ஆணையிடலாம் என்கிறது. அந்த ஆணை இல்லாமல் தோட்டக்காரர் சுடுவது குற்றமே. மலைக்கு அப்பால் கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்கே அனுமதியளிக்கும் அதிகாரம் தரப்பட்டதைக் கேள்விப்பட்டு, இங்கும் அப்படியே என்று நம்புகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அப்படியன்று. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுவதற்கில்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம்; அதற்கும் அப்பால் மட்டும், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம். 1976 இல் சரணாலயமாகி, 1988 இல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காட்டின் ஓரத்திலேயே களக்காட்டுத் தோட்டங்கள் பல இருப்பதால், இங்கே துப்பாக்கியால் ஆகப்போவது சொற்பம். காப்பகத்தை அமைத்த அரசாங்கம் அதன் ஓரத்தில் உழுகிறவனின் நஷ்டத்தைத் தாமதமின்றித் தீர்க்கவேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை. சேதம் நேர்ந்த மறுநாளே, கிளறிய குழியை மூடுவதற்கு முன், படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் மனுக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி, பட்டா நகலோடு நிவாரணம் கோருவதே வழி.

பழைய துப்பாக்கி வீட்டில் இருந்து, உரிமம் காலாவதியாகியோ உரிமதாரர் இறந்தோ போயிருந்தால், ஆயுதச் சட்டத்தின் 21 ஆவது பிரிவின்படி அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பரணில் கிடக்கும் வார்ப்பச்சும் குண்டுமாய் விஷயம் சிக்கலாகத் தோன்றினால், திருநெல்வேலியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், அல்லது 15100 என்ற எண்ணில், முதலில் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர் பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் சட்ட உதவி இலவசம். முறையாக ஒப்படைத்த துப்பாக்கியின்மேல் உரிமையாளருக்குள்ள பாத்தியதை உடனே அழிவதில்லை: விதிகள் குறிக்கும் காலத்துக்குள் அவரோ, இறந்திருந்தால் அவருடைய வாரிசோ, உரிமம் பெற்று அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.