25 ஆயிரம் பேருக்காக வழக்குப் போட்ட மாணவர்

நமக்கு வந்த கடிதத்தைப் பிறர் பிரித்துப் படித்தால் சும்மா இருப்போமா? சண்டைக்குப் போவோம். ஆனால், ஒரு பெரிய கம்பெனி அப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார், ஒரு சட்ட மாணவர். அதுவே அவருடைய தொழில் ஆகிவிட்டது.

அவர் பெயர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். ஆஸ்திரியா நாட்டில் உள்ள சால்ஸ்பர்க் நகரில் 1987-ம் ஆண்டு பிறந்தவர். வியன்னா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்.

வகுப்புக்கு வந்த வக்கீல்

படிப்பின் நடுவே சில மாதம் அமெரிக்காவுக்குப் போனார். கலிபோர்னியாவில் உள்ள சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஒரு நாள், பேஸ்புக் கம்பெனியின் வக்கீல் அங்கே வந்து பேசினார்.

ஐரோப்பிய சட்டம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று ஷ்ரெம்ஸ் வியந்தார். அதைப் பற்றியே கட்டுரை எழுதத் தொடங்கினார்.

"என்னைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறாய்?" என்று ஒரு கம்பெனியைக் கேட்க, ஐரோப்பாவில் யாருக்கும் உரிமை உண்டு. 2011-ல் அவர் பேஸ்புக்கை அப்படிக் கேட்டார்.

ஒரு வட்டத்தகடு வந்தது. அதில் இருந்தவை 1,222 பக்கங்கள்!

அவர் "அழித்துவிட்டேன்" என்று நினைத்த செய்திகள்கூட அதில் இருந்தன. நட்பை விட்டவர்களின் பட்டியலும் இருந்தது.

பேஸ்புக்கின் ஐரோப்பிய தலைமை அலுவலகம் இருப்பது அயர்லாந்தில். எனவே, அந்த நாட்டு அதிகாரியிடம் புகார் கொடுத்தார். ஒன்று அல்ல, 22 புகார்கள்.

கூட்டு வழக்கு

2014 ஆகஸ்டில் வியன்னா கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஆளுக்கு 500 யூரோ நஷ்ட ஈடு கேட்டார்.

500 யூரோவுக்காகத் தனி ஆள் வழக்காட முடியுமா? செலவு அதைவிட அதிகம் ஆகும். பலர் சேர்ந்தால் செலவு பங்காகும். கம்பெனியும் திரும்பிப் பார்க்கும். கூட்டு வழக்கின் பலம் இதுதான்.

சில நாட்களில் 25 ஆயிரம் பேர் தங்கள் உரிமையை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு மேல் ஆள் சேர்க்க வேண்டாம் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

வெற்றியும் தோல்வியும்

ஐரோப்பியரின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்ப ஓர் ஒப்பந்தம் இருந்தது. அமெரிக்க உளவு இலாகா அவற்றைப் பார்க்க முடிகிறதே என்று ஷ்ரெம்ஸ் வாதாடினார். 2015-ல் ஐரோப்பிய யூனியனின் பெரிய கோர்ட்டு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்த ஒப்பந்தமும் 2020-ல் ரத்து ஆயிற்று.

கூட்டு வழக்கிலோ அடி விழுந்தது. "உம்முடைய வழக்கை வியன்னாவில் நடத்தலாம், மற்றவர்களின் வழக்கை அங்கே நடத்த முடியாது" என்று 2018 ஜனவரியில் அதே கோர்ட்டு சொல்லிவிட்டது.

தனி ஆளாக வழக்கை நடத்தினார். 2020-ல் வியன்னா கோர்ட்டு அவருக்கு 500 யூரோ கொடுக்கச் சொன்னது. மற்ற 25 ஆயிரம் பேருக்கு ஒன்றும் இல்லை!

திறந்த கதவு

ஷ்ரெம்ஸ் சோர்ந்துவிடவில்லை. 2017-லேயே வியன்னாவில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அதன் பெயர் "நொய்ப்". "இது உன் வேலை அல்ல" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை.

அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் பலருக்காக வழக்குப் போடலாம் என்று ஐரோப்பாவில் 2020-ல் சட்டம் வந்தது. 2024-ல் நொய்ப் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது.

தனி ஆளுக்கு மூடிய கதவு, சங்கத்துக்குத் திறந்துவிட்டது. கேட்டால்தானே கிடைக்கும்?